வெள்ளிக்கிழமை கஸ்டமர்

என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் இருந்து ‘நூறாயுசு’ சொல்லலாம். பஹ்ரைனில், மனாமாவில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அந்தக் கம்ப்யூட்டர் இன்ஸ்டிடியூட்டில் நான் எக்செல்லும் டைப்பிங்கும் சொல்லிக் கொடுத்தேன். சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, எக்செல்லில் கூட்டல் போடுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, தடுப்புக்கு அப்பால் ஒரு ஆள் கத்த ஆரம்பித்தான். அவன் லாண்டரியில் யாரோ ஒரு பெரிய மனிதரின் வெள்ளை அங்கி காணாமல் போய்விட்டதாம். அது கிடைக்காவிட்டால் கடைக்குப் பூட்டு, தனக்கு ஜெயில், இங்கே உட்கார்ந்திருக்கிற எவனும் உருப்படப்போவதில்லை என்றான்.

சண்டையை விலக்கலாம் என்று எழுந்து ஓடினேன். அங்கே ஏழெட்டுப் பேர் அமைதியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒல்லியாக, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், “யார்யா நீ? அங்கிய எடுத்தது நீதானா?” என்றார். கதவோரம் உட்கார்ந்திருந்த செல்வம் என்ற மாணவன் என் பக்கம் சாய்ந்து, “சார் இப்ப லாண்டரி ஓனருண்ணே. இந்த நேரத்துல சார்னு கூப்புட்டா எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்” என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தானே இரண்டு முறை சார் என்று சொல்லிவிட்டது அவனுக்கு உறைத்தது. அன்றைய டீ அவன் கணக்கு.

வகுப்பு முடிந்ததும் அதே ஒல்லி மனிதர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. என்ன என்றேன். “சத்தம் தொந்தரவா இருந்துச்சுங்களான்னு கேட்டனுங்க” என்றார். குரல் அவர் சட்டைப் பையைத் தாண்டி வரவில்லை. கொஞ்ச நேரம் முன்பு ஜெயிலைப் பற்றிக் கத்தியவரும் இவரும் ஒரே ஆள் என்பதை நம்ப எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

அவர் சொல்லிக் கொடுத்தது சாப்ட்வேர் டிசைன். அதாவது புரோகிராம் எழுதுவதை அல்ல, எழுதுவதற்கு முன்னால் எதை எழுத வேண்டும் என்று கண்டுபிடிப்பதை. ஊரிலிருந்து வந்த பாடத்திட்டத்தில் அதற்கான பயிற்சி என்று ஒரு நூலகத்தைக் கொடுத்திருந்தார்கள். புத்தகம், உறுப்பினர், கடன், திருப்புதல் என்று பெட்டி பெட்டியாகப் படம் வரைய வேண்டும். வாரம் முழுவதும் கோல்ட் ஸ்டோர் என்று அங்கே சொல்லும் மளிகைக் கடையிலும் டிராவல்ஸிலும் கோடவுனிலும் டியூட்டி பார்த்துவிட்டு லீவு நாளில் படிக்க வருகிறவர்கள் எங்கள் மாணவர்கள். அவர்களில் ஒருவர்கூட நூலகத்தில் உறுப்பினராக இருந்ததில்லை. பாவம், அவர்களும் வரைந்தார்கள். வரைந்ததில் உறுப்பினர் பெட்டிக்குள் அவரவருக்கு விசா கொடுத்த கபீலின் பெயர் இருந்தது.

அதைப் பார்த்த பிறகு அவர் நூலகத்தை ஓரங்கட்டிவிட்டு, தானே கஸ்டமராகிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வகுப்பறைக்கு வருவார், வணக்கம் சொல்வார், வெளியே போய்க் கதவைச் சாத்துவார். பிறகு கதவு தட்டப்படும். உள்ளே வருகிறவர் அவர் இல்லை. லாண்டரிக்காரர், கோல்ட் ஸ்டோர் முதலாளி, தொழிலாளர் கேம்ப் பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர், இப்படி யாராவது. அந்த ஆளுக்கு ஒரு சாப்ட்வேர் வேண்டும். என்ன சாப்ட்வேர் என்று அவருக்குத் தெரியாது. மாணவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டுப் பிடுங்க வேண்டும். அவர் மறைப்பார், மறப்பார், போன வாரம் சொன்னதை இந்த வாரம் சொல்லவேயில்லை என்று சத்தியம் செய்வார். செல்வம் ஒருமுறை எழுதி வைத்ததைக் காட்டி மடக்கியபோது, “அது என் தம்பி சொன்னது. அவனுக்கு என்ன தெரியும்?” என்றார். அதற்கு முந்தின நிமிஷம் வரை தம்பி கிடையாது.

கேள்விக்கும் ஒரு விதி வைத்திருந்தார். என்ன வேண்டும் என்று கஸ்டமரைக் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவான், அது தப்பாக இருக்கும். நேற்று என்ன செய்தாய் என்றுதான் கேட்க வேண்டும். லாண்டரிக்காரர் பில் போடுகிற மெஷின் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எல்லாரும் பில் வரைந்துகொண்டிருந்தார்கள். சுகந்தி என்று ஒரு பெண், யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவள், அவள்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நேற்று விடியக் கடை திறந்ததிலயிருந்து என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டாள். லாண்டரிக்காரர் யோசித்து, காலை முழுக்க ஒரு சட்டையைத் தேடினேன், மத்தியானம் வேறொருத்தன் பேண்டைத் தேடினேன், சாயங்காலம் அதே சட்டையை மறுபடி தேடினேன் என்றார். அவருக்கு வேண்டியது பில் அல்ல, துணியில் கட்டுகிற நம்பர் என்பது அப்போதுதான் தெரிந்தது. வரைந்த பில்லையெல்லாம் கிழித்துப் போட்டார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சந்தோஷம் வந்தால் அவருக்கு முதுகைக் காட்டத்தான் தெரியும்.

அவருக்கு ஒரே பெண். ஈசா டவுன் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. மார்ச்சில் போர்டு பரீட்சை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நடக்கப்போவதெல்லாம் அதைப் பற்றித்தான். அவருக்கு விசா இருக்கிறவரைதான் மனைவிக்கும் பெண்ணுக்கும் விசா. எங்கள் முதலாளி அந்த ஊர்க்காரர், வயதானவர், நல்ல மனிதர். வியாழக்கிழமை தோறும் வந்து ஒரு டீ குடித்துவிட்டு, கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். கம்ப்யூட்டரில் லாபம் இல்லை, கார் சீட் கவரில்தான் இருக்கிறது என்று அவர் மருமகன் அவருக்குச் சொல்லியிருந்தான். நவம்பரில் ஒரு நாள் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, டிசம்பரோடு இன்ஸ்டிடியூட் கலாஸ், மூடிவிடலாம் என்றார். இருவர் விசாவையும் கேன்சல் செய்து, ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தருவதாகவும் சொன்னார்.

நான் அங்கேயே, வேறு வேலைக்கு மாறிக்கொள்கிறேன், ரிலீஸ் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். இவர் “சரிங்க” என்றார். முதலாளிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தத் தலையாட்டல் எந்த பாஷையிலும் சரிதான்.

வெளியே வந்ததும், “நீங்க என்ன செய்யப் போறீய?” என்று கேட்டேன். “பாத்துக்கலாங்க” என்றார். அவ்வளவு நிதானமாகச் சொன்னதால் எங்கேயோ ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கொங்கு நாட்டு ஆட்களே அப்படித்தான், காரியம் முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள் என்றும் நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

அவர் தனக்கென்று எதையும் யாரிடமும் கேட்கமாட்டார். அதுதான் அவர். அடக்கம் என்று சிலர் சொன்னார்கள், கர்வம் என்று சிலர். எனக்கு அது ஒரு உடல் குறை மாதிரிதான் பட்டது. சிலருக்குக் கை முழுதாக நீளாது இல்லையா, அப்படி. ஒரு நாள் ஈசா டவுன் பஸ்ஸில் அவருடைய நிறுத்தத்தில் இறங்குகிற ஆள் வேறு யாரும் இல்லை. நிறுத்தச் சொல்ல வேண்டியது அவர்தான். அடுத்த ஊரான ரிஃபா வரைக்கும் போய்விட்டு இன்னொரு பஸ்ஸில் திரும்பி வந்தார். “ரிஃபாவும் நல்லாத்தான் இருக்குதுங்க” என்றார்.

ஒரு ஜூன் மாதம் அவர் அறையில் ஏசி செத்துப்போனது. பஹ்ரைனின் ஜூன் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. மார்க்கர் பேனா இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி என் அறைக்கு வருவார். வந்து என் ஏசிக்கு நேராக நின்றுகொண்டு மார்க்கரைத் தேடுவார். மார்க்கர் அவர் கையிலேயே இருக்கும். ஏசி ரிப்பேரா என்று நானே கேட்டதற்கு, “அப்பப்பக் காத்து வருதுங்க” என்றார். அந்த மாதம் முழுக்க அவருடைய கஸ்டமர்கள் அத்தனை பேரும் உறைமீன் வியாபாரிகளாக இருந்தார்கள். கடைசியில் செல்வம்தான் தன் கம்பெனி மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அவர் மனைவிக்கு இதெல்லாம் அத்துப்படி. ஒரு வெள்ளிக்கிழமை இன்ஸ்டிடியூட்டுக்குப் போன் செய்தார். வகுப்பில் இருக்கிறார் என்றேன். “இப்ப யாரா இருக்காருங்க?” என்று கேட்டார். கோல்ட் ஸ்டோர் முதலாளி என்றேன். “அப்படியே வர்ற வழில அரிசி வாங்கிட்டு வரச் சொல்லிருங்க. கல்லு கெடந்தா மாத்திக் கேக்கச் சொல்லுங்க. வூட்டுக்கு வந்துட்டா அப்புறம் கேக்க மாட்டாருங்க” என்றார். நான் சொன்னேன். அன்று கல்லில்லாத அரிசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி.

அவர்களுடைய பெண்ணையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கடைத்தெருவில் அப்பாவும் பெண்ணும் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட உயரமான பெண். கடைக்காரர் கொடுத்த ரொட்டியின் தேதியைப் பார்த்துவிட்டு, வேறு கொடுங்கள் என்று அவளே கேட்டு வாங்கினாள். அப்பா அந்த நேரத்தில் கடையின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். “அங்கிள், மேத்ஸ் சார்கிட்ட எனக்கு எவ்ளோ போர்ஷன் பெண்டிங்னு கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினேன். சாரோட கார் என்ன கலர்னு பார்த்துட்டு வந்தார்” என்று என்னிடம் புகார் சொன்னாள். “வெள்ளை” என்றார் அவர். பெண் சிரித்தாள். படிப்பில் கெட்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. டாக்டருக்குப் படிக்கப்போவதாகச் சொன்னாள். அப்பா மறுபடி கூரையைப் பார்த்தார். அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் எனக்கு அந்த இருவரையும் பிடித்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் அவர் ஓயாமல் சொல்லிக் கொடுத்ததே கேட்பதைப் பற்றித்தான். போர்டில் பெட்டிகள் வரைவார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேலை. தன்னால் முடியாத வேலையை ஒரு பெட்டி இன்னொரு பெட்டியிடம் கேட்க வேண்டும், அதற்குத்தான் அம்புக்குறி. எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்கிற பெட்டி கெட்ட பெட்டி. அம்பே இல்லாமல் தனியாக நிற்கிற பெட்டி அதைவிட மோசம், அது எதற்கு நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. சொன்ன மனிதர் பிறகு பஸ் ஏறி ரிஃபாவுக்குப் போவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேம்ப் பஸ் சூப்பர்வைசராக வந்த ஒரு நாள், செல்வம் அவரிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் சட்டென்று பையை எடுத்தார். “இது பாடம் இல்ல. எனக்கு நெசமாவே நேரம் இல்ல, நான் போறேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மறுபடி கதவு தட்டப்படும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும்தான். அவர் அந்நேரம் ஈசா டவுன் பஸ்ஸில் பாதி வழி போயிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து, “போன வாரக் கஸ்டமர் வேற கம்பெனிக்குப் போயிட்டாருங்க. ஏன் போனாருன்னு எழுதுங்க” என்றார். அன்றிலிருந்து அந்த வகுப்பில் ‘இது பாடம் இல்லை’ என்ற வார்த்தைக்கு மதிப்பு போய்விட்டது.

டிசம்பரில் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. என் பேட்ச் முடிந்திருந்தது. என் மேஜையில் சர்டிபிகேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்த சத்தம் கேட்டது. வணக்கம் சொன்னார். ஆனால் வெளியே போகவில்லை. அங்கேயே நின்று, அவருடைய அந்தச் சட்டைப் பைக் குரலில் பேசினார்.

“இன்னிக்குப் பாடம் இல்லீங்க. இந்த மாசத்தோட இன்ஸ்டிடியூட்டை மூடறாங்க. எனக்கும் விசா கேன்சல். ஊருக்குப் போறனுங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னு நெனச்சேன்.”

அப்புறம் செல்வத்தின் குரல் கேட்டது. “இந்தக் கஸ்டமரு கதவத் தட்டாமயே வந்துட்டாரு. இது புதுசா இருக்கே.”

எல்லாரும் சிரித்தார்கள். பேப்பர் புரட்டுகிற சத்தமும் பேனா மூடி திறக்கிற சத்தமும் கேட்டன. நான் நடிக்கவில்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“நீங்கள் என்ன தொழில்?” என்று சுகந்தி ஆரம்பித்தாள்.

“வாத்தியாருங்க.”

“நேத்துக் காலையிலருந்து என்ன செஞ்சீக, அதச் சொல்லுங்க” என்றான் செல்வம்.

“நேத்து பொண்ணோட ஸ்கூலுக்குப் போனனுங்க. டிசி வாங்கோணும். கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு வந்துட்டேன்.”

“ஏன் உள்ள போகல?”

“மார்ச்ல பத்தாவது பரீட்சைங்க அவளுக்கு. இப்ப டிசி வாங்கிட்டா ஊர்ல எந்த ஸ்கூல்லயும் இந்த வருசம் பரீட்சைக்குச் சேத்திக்க மாட்டாங்க. ஒரு வருசம் போயிரும். அவகிட்ட இன்னும் சொல்லலைங்க. ராத்திரி பகலா உக்காந்து படிச்சிட்டிருக்கறா.”

“இந்தக் கஸ்டமருக்குச் சோகம் ரொம்ப சாஸ்தியப்பா. லாண்டரிக்காரரே தேவல” என்றான் செல்வம். மறுபடி சிரிப்பு. அவர் சிரிப்பு முடிவதற்காகக் காத்திருந்தார்.

நான் எழுந்துவிட்டேன். தடுப்பைச் சுற்றிப் போய், நெசமாத்தாம்லே சொல்லுதாரு என்று ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. எனக்குச் செல்வத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அதற்குள் சுகந்தி அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள், அவரும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அது அவருடைய முணுமுணுப்பும் இல்லை, கஸ்டமரின் கத்தலும் இல்லை. சாதாரணமாக ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் பேசுகிற குரல். பழகிய இத்தனை காலத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. நான் உள்ளே போனால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. சர்டிபிகேட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மார்க்கர் போர்டில் கீச்சிட்டது. சுகந்தி எழுந்து வரைகிறாள் என்று புரிந்தது.

“இது நீங்கள். இது பிள்ளை. இது விசா. இது முதலாளி. விசாவை ரத்துச் செய்யிறது ஆர்?”

“முதலாளிங்க.”

“கடையை மூடின உடன செய்யத்தான் வேணும் எண்டு சட்டம் ஏதும் இருக்கோ?”

“அப்படியெல்லாம் இல்லீங்க. அவரு மனசு வெச்சா மார்ச் வரைக்கும் அப்படியே விட்டு வெக்கலாம். அவருக்கு நட்டமும் இல்லீங்க.”

“அப்ப அவரைக் கேட்டனீங்களோ?”

கீழே தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“கேக்கலீங்க.”

“ஏன் கேக்கேல்லை?”

“கேட்டுப் பழக்கம் இல்லீங்க. போயி நிப்பேன். வாய் வராது. திரும்பி வந்துருவேன். ரெண்டு வியாழக்கிழமை அவரு டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு பாத்தேன்.”

நின்றது எனக்கும் தெரியும். டீ கிளாஸை எடுத்துப்போக நிற்கிறார் என்று நினைத்திருந்தேன்.

“அட, இம்புட்டுத்தானா?” என்றான் செல்வம். “இதுக்கு எதுக்குய்யா சாப்ட்வேரு?” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கணக்கு வசமாகச் சிக்கியது என்று தெரிந்தால் அந்த வகுப்பு அப்படித்தான், கப்சிப் என்று ஆகிவிடும்.

மார்க்கர் மறுபடி கீச்சிட்டது. “வாத்தியாரிட்டயிருந்து முதலாளிக்கு நேர அம்பு போடேலாது” என்றாள் சுகந்தி. “அப்ப நடுவில இன்னொரு பெட்டி வேணும். முதலாளியோட கதைக்கக்கூடிய ஆள். அப்பிடி ஆரும் இருக்கினமோ?”

“இருக்காருங்க.”

“ஆர்?”

“பக்கத்து ரூம்ல எக்செல் சொல்லித் தர்றவரு. முதலாளிகிட்ட நல்லாப் பேசுவாரு. அவரு ஒரு வார்த்த கேட்டா நடக்குங்க.”

“அவரிட்டச் சொன்னனீங்களோ?”

“இப்பத்தாங்க சொல்றேன்.”

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது என்று எழுதினால் மிகையாக இருக்கும். சர்டிபிகேட்டுகள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தன, அது உண்மை. அவற்றைப் பொறுக்காமல் கீழே போனேன். எங்கள் தடுப்பின் லட்சணம் தெரிந்தவன் என்பதால் தெருவுக்கே போய், தொழுகைக்காக மூடியிருந்த தையல் கடை வாசலில் நின்றுகொண்டு முதலாளிக்குப் போன் செய்தேன்.

அவர் தொழுகை முடிந்து வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தார். பின்னால் பேரப் பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பழைய வியாபாரிகளுக்கு இந்தி நன்றாக வரும். என்னுடைய இந்தி அவ்வளவு நன்றாக வராது. மாஸ்டருக்கு ஒரு பெண், பத்தாவது, மார்ச்சில் பரீட்சை, அதுவரை கேன்சல் வேண்டாம் என்று நான் திக்கித் திணறிச் சொன்னேன். பெண் நன்றாகப் படிப்பாளா என்று கேட்டார். டாக்டருக்குப் படிக்கப்போகிறாள் என்றேன். “மார்ச் போதுமா? ஏப்ரல் வரைக்கும் இருக்கட்டும். மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை” என்றார். அவ்வளவுதான். போனை வைக்கப்போனவர், “அவன் ஏன் என்கிட்ட கேக்கல? நான் என்ன, கடிச்சாத் தின்னுடுவேன்? நல்ல ஆளுதான், ஆனா பேச்சே வராதே அவனுக்கு” என்றார். வெள்ளிக்கிழமைகளில் மாஸ்டர் போடுகிற சத்தத்துக்குத் தையல்காரர் இரண்டு முறை சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் சொன்னதை முதலாளி நம்பவில்லை.

படியேறிப் போய், அந்த முதல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் நான் அந்தக் கதவைத் திறந்தேன், தட்டவில்லை. போர்டில் பெட்டிகள் இருந்தன. முதலாளி என்ற பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி, அதற்குள் எக்செல் என்று எழுதியிருந்தது. சுகந்தி மார்க்கரும் கையுமாக நின்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்தார்.

“முதலாளிட்ட பேசிட்டேன்” என்றேன். “மார்ச் வரைக்கும் கேன்சல் பண்ண மாட்டாராம். ஏப்ரல் வரைக்கும் இருந்தாலும் சரிங்காரு. பிள்ளையப் பரீட்சை எழுதச் சொல்லுங்க.”

செல்வம் பல்லைக் காட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “என்னண்ணே, நீங்களும் நடிக்க வந்துட்டீகளா?”

“நான் எங்கடே நடிச்சேன்?” என்றேன். “அவரும் நடிக்கல.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, எங்கே போவது என்று தெரியாமல் போயிற்று. சுகந்தி போர்டைப் பார்த்தாள். பிள்ளை என்று தான் எழுதிய பெட்டியைப் பார்த்தாள். மார்க்கரை மூடி போடாமலே மேஜையில் வைத்தாள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பிறகு தலையைத் தூக்கி எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

“யாராச்சும் ஒரு டம்ளர் தண்ணி குடுங்க” என்றார்.

வகுப்பே ஒன்றாக எழுந்தது. நாற்காலிகள் விழுந்தன. கதவில் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். முதலில் வந்தது செல்வத்தின் கைதான், பாதித் தண்ணீரை வழியிலேயே சிந்தியிருந்தான். அவர் வாங்கிக் குடித்து முடித்தார். டம்ளரை அவனிடமே நீட்டினார்.

“இன்னொரு டம்ளர்” என்றார்.